கிறிஸ்துமஸ் நாட்களில் லண்டன்: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

டிசம்பரில் லண்டன் செல்ல விரும்புவோர் பெரும்பாலும் விளக்கு அலங்காரங்களை நினைத்துத் திட்டமிடத் தொடங்குகிறார்கள். நான் டிசம்பர் 25ஆம் தேதியிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஏறத்தாழ 90 லட்சம் மக்கள் வாழும் அந்நகரத்தில் அன்று சுரங்க ரயிலும் மாநகரப் பேருந்தும் ஓடுவதில்லை. பெரிய கடைகள் அன்று திறக்கக் கூடாது என்று 2004ஆம் ஆண்டில் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். அந்த ஒரு நாளை எங்கே, எப்படிக் கழிப்பது என்று முடிவு செய்துவிட்டால், மற்ற நாட்களை அமைப்பது எளிது.

படி 1: தேதிகளைக் குறியுங்கள்

டிசம்பர் 18 முதல் 20க்குள் போய்ச் சேர்ந்து, 27க்குப் பிறகு திரும்புவது நல்லது. 25ஆம் தேதி விமானத்தில் போய் இறங்க வேண்டாம். விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர ரயில் இராது, டாக்சிக்குப் பெருந்தொகை கொடுக்க நேரும். பிரிட்டிஷ் அருங்காட்சியகம், தேசிய ஓவியக்கூடம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆகிய மூன்றும் அனுமதிக் கட்டணம் இல்லாதவை; ஆனால் மூன்றுமே 24, 25, 26 தேதிகளில் மூடியிருக்கும். இதை அறியாமல் முதல் பயணத்தில் நாங்கள் 23ஆம் தேதி இரவு போய் இறங்கி, மறுநாள் குழந்தைகளுடன் பூட்டிய வாயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், செப்டம்பர் இறுதியிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

படி 2: தங்குமிடத்தைத் தேர்ந்தெடுங்கள்

நகரின் நடுப்பகுதியில் விடுதி வாடகை அதிகம் என்பது உண்மைதான். பத்து நாளும் அங்கே தங்க இயலாவிட்டாலும், 24, 25 ஆகிய இரண்டு இரவுகளை மட்டுமாவது வாட்டர்லூ, புளூம்ஸ்பரி, வெஸ்ட்மின்ஸ்டர் போன்ற, தேம்ஸ் நதிக்கு நடந்தே போகக்கூடிய பகுதியில் கழியுங்கள். மற்ற இரவுகளுக்குப் புறநகர் போதும்.

படி 3: பயண அட்டை

தனிப் பயணச்சீட்டு எடுக்கத் தேவையில்லை. தொடாமல் பணம் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டையை நிலையத்தில் நுழையும்போதும் வெளியேறும்போதும் காட்டினால் போதும். ஒரு நாளில் எத்தனை முறை பயணித்தாலும் குறிப்பிட்ட உச்சவரம்புக்கு மேல் பணம் பிடிக்க மாட்டார்கள். ஆனால் ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும், நாள் முழுவதும் அதே அட்டையைத்தான் பயன்படுத்த வேண்டும். பேருந்தில் ரொக்கம் வாங்குவதில்லை.

படி 4: மாலை நான்கு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள்

டிசம்பர் பிற்பகுதியில் அங்கே காலை எட்டு மணி அளவில்தான் சூரியன் உதிக்கும். மாலை நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். குறுகிய பகலை எண்ணி வருந்த வேண்டாம், விளக்குகளைப் பார்க்க அது வசதிதான். ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸில் இறங்கி, ரீஜன்ட் தெரு வழியாகப் பிக்கடில்லி சர்க்கஸுக்கும், அங்கிருந்து லெஸ்டர் சதுக்கம் வழியாக டிரஃபால்கர் சதுக்கத்துக்கும் நடந்து செல்லுங்கள். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்தான். ரீஜன்ட் தெருவில் 1954ஆம் ஆண்டிலிருந்து கிறிஸ்துமஸ் விளக்குகள் ஏற்றி வருகிறார்கள். அந்தத் தெரு வளைந்து செல்வதால் அடுத்து வரும் விளக்குகள் நடக்க நடக்கத்தான் கண்ணில் படும்.

டிரஃபால்கர் சதுக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அங்கே கிறிஸ்துமஸ் மரமாக நிற்கும் உயரமான ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம், நார்வே நாட்டு ஓஸ்லோ நகர மக்கள் 1947 முதல் ஆண்டுதோறும் அனுப்பிவரும் நன்றிக் கொடை. 1940இல் ஜெர்மனி நார்வேயைக் கைப்பற்றியபோது, அந்நாட்டு மன்னர் ஏழாம் ஹாக்கோனும் அரசும் லண்டனில்தான் அடைக்கலம் புகுந்தார்கள். மேலிருந்து கீழாக நேர்க்கோடாய்த் தொங்கும் விளக்குச் சரங்கள் மட்டுமே அந்த மரத்துக்கு அலங்காரம். அது நார்வே வழக்கம். கடைத்தெருப் பகட்டுடன் ஒப்பிட்டு இது எளிமையாக இருக்கிறது என்று சிலர் குறைப்படுவதுண்டு. எனக்கு அந்நகரத்தில் மிகவும் பிடித்த கிறிஸ்துமஸ் காட்சி இதுதான்.

படி 5: 24, 25ஆம் தேதிகள்

24ஆம் தேதி பிற்பகலுக்குள் ரொட்டி, பால், பழம், மறுநாளுக்கான உணவு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைகள் வழக்கத்தைவிட முன்னதாகவே மூடப்படும். சைவ உணவு உண்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உலர்பழங்கள் நிறைந்த மின்ஸ் பை, கிறிஸ்துமஸ் புட்டிங் ஆகியவற்றில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். தாவரக் கொழுப்பில் செய்தவையும் கிடைக்கின்றன. உறையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

25ஆம் தேதி காலை ஹைட் பார்க்குக்கு நடந்து போங்கள். அங்குள்ள செர்பன்டைன் ஏரியில், உள்ளூர் நீச்சல் சங்கத்தார் குளிர்ந்த நீரில் போட்டியிட்டு நீந்துவார்கள். 1864இல் தொடங்கிய வழக்கம் அது. பிறகு கிரீன் பார்க், பக்கிங்ஹாம் அரண்மனை, செயின்ட் ஜேம்ஸ் பூங்கா வழியாக வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயம் வரை நடக்கலாம். சுற்றுலாப் பயணிகளாக அன்று உள்ளே செல்ல முடியாது. வழிபாட்டில் கலந்துகொள்வோருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் சில வழிபாடுகளுக்கு முன்பதிவு வேண்டும் என்பதால் முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். மாலை வரை வெளியே இருக்க வேண்டியிருப்பதால், காதை மூடும் தொப்பி, கையுறை, நீர் புகாத காலணி ஆகியவற்றைப் பெட்டியின் மேற்பக்கத்திலேயே வையுங்கள். பனி பெய்வது அரிது. மழைதான் அடிக்கடி வரும்.

படி 6: 26ஆம் தேதி

அன்றும் விடுமுறைதான் என்றாலும் சுரங்க ரயில் குறைந்த எண்ணிக்கையில் ஓடும், கடைகளில் தள்ளுபடி விற்பனை தொடங்கும். கூட்டத்தை விரும்பாதவர்கள் டிஸ்ட்ரிக்ட் தடத்தில் கிழக்கே ஈஸ்ட் ஹாம் வரை போகலாம். தமிழர்கள் நிறைந்த பகுதி அது. இரண்டு நாள் ரொட்டி தின்ற பிள்ளைகளுக்கு அங்கே தோசை வாங்கிக் கொடுங்கள்.