ஓட்டத்துக்குப் பின் கெண்டைக்கால் எவ்வளவு தளர்கிறது? போனை வைத்தே அளக்கலாம்

ஓடும்போது பாதம் தரையில் இருக்கும் அந்தக் கால் நொடியில், கெண்டைக்கால் தசையின் இழைகள் பெரிதாக நீள்வதில்லை. அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண்தான் ஸ்பிரிங் மாதிரி நீண்டு சுருங்குகிறது. தசை இறுக்கிப் பிடித்தால்தான் அது நடக்கும். தசை சோர்ந்தால் பிடி தளரும். பாதம் தரையில் தங்கும் நேரம் பெரும்பாலும் கூடும்.

தேவை: நொடிக்கு 240 பிரேம் (படம்) எடுக்கும் ஸ்லோ மோஷன் உள்ள போன், சீராகத் தட்டு எழுப்பும் மெட்ரோனோம் ஆப், கணினியில் கினோவியா என்ற வீடியோ மென்பொருள். கினோவியா இலவசம், ஒவ்வொரு பிரேமாக முன்னும் பின்னும் போகலாம். போன் திரையில் விரலால் இழுத்து எண்ணவே எண்ணாதீர்கள்.

1. ஓடும் முன், மெட்ரோனோமை நிமிடத்துக்கு 132 தட்டில் வைத்து, தட்டுக்கு ஒரு குதி என்று 15 முறை குதியுங்கள். இரண்டு காலும் சேர்ந்து, கை இடுப்பில். முழங்கால் மடங்கினால் தொடை வேலையை எடுத்துக்கொள்ளும், கணக்கு கெடும்.

2. போனைத் தரையோடு ஒட்டிப் பக்கவாட்டில் வையுங்கள். நல்ல வெயில் வெளிச்சம் வேண்டும்.

3. இதுதான் கவனமாகச் செய்ய வேண்டிய இடம். பாதம் தரையைத் தொடும் பிரேம் சுலபமாகத் தெரியும். கிளம்பும் பிரேம் அப்படியில்லை: குதிகால் எப்போதோ தூக்கியிருக்கும், ஷூ நுனி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். நுனிக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும் முதல் பிரேமைப் பிடியுங்கள். பின்னால் ஒரு வெள்ளைத் தாள் வைத்தால் பளிச்சென்று தெரியும். இரண்டு பிரேம் பிசகினாலே 8 மில்லிநொடி போய்விடும். நாம் தேடும் மாற்றமே சில சமயம் அவ்வளவுதான். அதனால் நடுவில் உள்ள ஐந்து குதிகளின் சராசரியை எடுங்கள்.

4. காற்றில் இருந்த பிரேம்களைத் தரையில் இருந்த பிரேம்களால் வகுங்கள். 54-ஐ 55-ஆல் வகுத்தால் 0.98.

5. ஓடி முடித்ததும், மூச்சு முழுக்க அடங்கும் முன், அதே ஷூ, அதே தரையில் திரும்பச் செய்யுங்கள். எண் இறங்கியிருந்தால் கால் தளர்ந்திருக்கிறது.

இந்த எண் காட்டுவது முழுக் காலின் விறைப்பை. தசைநாணை மட்டும் தனியாகப் பார்க்க அல்ட்ராசவுண்ட் வேண்டும். அதன் விறைப்பைக் கூட்ட, கனமான எடையோடு குதிகால் உயர்த்தும் பயிற்சியை மாதக்கணக்கில் செய்ய வேண்டும். குதிகாலுக்கு மேலே வலி இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.

பின்சேர்க்கை: கூட்டுத்தொகை 54 வருகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். 132 தட்டில் தரையும் காற்றும் சேர்ந்து சுமார் 109 பிரேம் வர வேண்டும். பாதி வந்தால் போன் 120-ல்தான் பதிவு செய்கிறது; கேமரா அமைப்பில் 240-க்கு மாற்றுங்கள்.