கிரீன் பே பேக்கர்ஸ்: 2026 சீசன் ஆட்டப் பட்டியலை நீங்களே போடுவது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீக்கில் 32 அணிகள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பின்தொடர்ந்தால் ஒன்றும் மனதில் நிற்காது. ஒரே ஒரு அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே எடுத்துக்கொள்வது விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே பேக்கர்ஸ். ஒரு தாளும் பேனாவும் போதும்.

படி 1: வரலாற்றைக் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை வீசுபவர்) வரிசையில் எழுதுங்கள்

1919-இல் கர்லி லாம்போவும் ஜார்ஜ் கால்ஹூனும் தொடங்கிய அணி. லாம்போ வேலை பார்த்த இந்தியன் பேக்கிங் கம்பெனி சீருடைக்கு 500 டாலர் கொடுத்தது. பேக்கர்ஸ் என்ற பெயர் வந்த வழி அதுதான். 1921-இல் லீக்கில் சேர்ந்தார்கள். காசு இல்லாமல் தத்தளித்ததால் 1923-இல் ஊர்மக்களுக்குப் பங்கு விற்றார்கள். இன்றைக்கும் தனி முதலாளி கிடையாது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். 2021 விற்பனையில் ஒரு பங்கு 300 டாலர். லாபத்தில் பங்கு வராது, வேறொருவருக்கு விற்கவும் முடியாது. பங்குப் பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான். அப்படியும் வாங்குகிறார்கள்.

இனி தாளில் நான்கு பெயர்கள்: பார்ட் ஸ்டார் (1960-களின் வெற்றிகள்), பிரெட் ஃபாவ்ர் (1992–2007), ஆரோன் ராட்ஜர்ஸ் (2008 முதல் 2022 வரை முதன்மை ஆட்டக்காரர்), ஜோர்டன் லவ் (2023 முதல்). ராட்ஜர்ஸை எடுத்தது 2005-இல், லவ்வை எடுத்தது 2020-இல். இருவரையும் மூன்று சீசன் வெளியே உட்காரவைத்துத்தான் களத்தில் இறக்கினார்கள். இந்த அணியின் குணம் பட்டக் கணக்கைவிட இதில்தான் தெரியும்.

பட்டக் கணக்கில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள் இரண்டு. மொத்தம் 13 லீக் பட்டங்கள். 4 சூப்பர் பௌல் (சீசனின் இறுதி ஆட்டம்) வெற்றிகளும் அதற்குள்ளேயே அடக்கம். கூட்டி 17 என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்தது ஆண்டு: 2010 சீசனின் சூப்பர் பௌல் நடந்தது 2011 பிப்ரவரியில்.

ஒரே ஒரு பழைய ஆட்டத்தைப் பற்றிப் படிக்க நேரமிருந்தால் 1967 டிசம்பர் 31-ஐ எடுங்கள். எதிரணி டல்லஸ் கவ்பாய்ஸ், பேக்கர்ஸின் சொந்த மைதானமான லாம்போ ஃபீல்டில் வெப்பம் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். தரைக்கடியில் போட்ட வெப்பக் கம்பிகள் கைகொடுக்காமல் மைதானம் பனிக்கட்டியாகிவிட்டது. 16 வினாடிகள் மிச்சம், எல்லைக்கோடு ஒரு கெஜத்துக்குள். பந்தை யாரிடமும் கொடுக்காமல் ஸ்டாரே நுழைந்துவிட்டார். 21–17.

படி 2: எதிரணிகளைக் கணக்குப் போடுங்கள்

தேதி, நேரத்துடன் முழு அட்டவணை வழக்கமாக மே மாதம் வரும். ஆனால் யாருடன் ஆட்டம் என்பது முந்தைய சீசன் முடிந்த கையோடு உறுதியாகிவிடும். 18 வாரம், 17 ஆட்டம், ஒரு வாரம் ஓய்வு. லீக் என்எஃப்சி, ஏஎஃப்சி என்று இரண்டு பாதி. ஒவ்வொன்றிலும் நான்கு அணிகள் கொண்ட நான்கு டிவிஷன்கள். பேக்கர்ஸ் இருப்பது என்எஃப்சி நார்த்.

- சொந்த டிவிஷன், 6 ஆட்டம்: பேர்ஸ், லயன்ஸ், வைக்கிங்ஸ், ஊரில் ஒன்று, வெளியே ஒன்று.
- என்எஃப்சி டிவிஷன் ஒன்று, 4 ஆட்டம்: மூன்றாண்டுச் சுழற்சி. 2023-இல் சவுத், ஆகவே 2026-இலும் சவுத்.
- ஏஎஃப்சி டிவிஷன் ஒன்று, 4 ஆட்டம்: நான்காண்டுச் சுழற்சி. 2022-இல் ஈஸ்ட், 2026-இலும் ஈஸ்ட்.
- மிச்சம் 3: சென்ற சீசனில் மற்ற டிவிஷன்களில் அதே இடம் பிடித்த அணிகள். பேக்கர்ஸ் 2025-இல் 9 வெற்றி, 7 தோல்வி, 1 சமன் என்று இரண்டாமிடம். எனவே கவ்பாய்ஸ், ராம்ஸ், டெக்சன்ஸ்.

ஊரிலா வெளியிலா என்பதற்கும் வழி உண்டு: சென்ற சுற்றைத் திருப்பிப் போடுங்கள். 2022-இல் பேட்ரியட்ஸும் ஜெட்ஸும் கிரீன் பேக்கு வந்தார்கள். இம்முறை பில்ஸும் டால்ஃபின்ஸும் வருவார்கள். இரட்டைப்படை ஆண்டில் என்எஃப்சி அணிகளுக்கு ஊரில் 9 ஆட்டம். உங்கள் பட்டியலில் 9 வராவிட்டால் எங்கோ ஒரு டிவிஷனை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

படி 3: இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள்

கிரீன் பேயில் ஞாயிறு பகல் 12 மணி என்றால் இங்கே ஞாயிறு இரவு 10:30. அங்கே இரவு 7:20 என்றால் இங்கே திங்கள் காலை 5:50. 2026 நவம்பர் 1-இல் அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகும். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். இதை மறந்தால் ஆட்டம் தொடங்குமுன் ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டியதுதான். சீசனின் பின்பாதியில் ஞாயிறு ஆட்டங்களின் நேரத்தைத் தொலைக்காட்சிக்காக லீக் மாற்றுவதும் உண்டு. பென்சிலால் எழுதுவது நல்லது.

படி 4: எதைக் கவனிப்பது

முதலில் தடுப்பாட்ட வீரர் மைக்கா பார்சன்ஸின் முழங்கால். 2025 ஆகஸ்டில் இவரைப் பெற, 2026, 2027 இரண்டு டிராஃப்டுகளின் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்று உரிமையையும் தங்கள் வீரர் கென்னி கிளார்க்கையும் கவ்பாய்ஸுக்குக் கொடுத்தார்கள். டிசம்பரில் பிராங்கோஸுக்கு எதிராக ஏசிஎல் (முழங்கால் தசைநார்) கிழிந்தது. இந்தக் காயம் ஆற ஒன்பது மாதமாவது பிடிக்கும் என்பதால் முதல் சில வாரங்களுக்கு அவரை நம்பி எதையும் கணிக்காதீர்கள். வாரந்தோறும் வெளியாகும் காயப் பட்டியலைப் பாருங்கள்.

அடுத்து டிவிஷனின் ஆறு ஆட்டங்கள். டிவிஷன் வென்றால் ப்ளேஆஃபில் (தோற்றால் வெளியேறும் சீசன் இறுதிச் சுற்றுகள்) முதல் நான்கு இடங்களில் ஒன்றும், அணியின் முதல் ப்ளேஆஃப் ஆட்டம் சொந்த ஊரிலும் கிடைக்கும். வெல்லாவிட்டால் வெளியூர்ப் பயணம்தான்: சென்ற முறை சிகாகோவுக்குப் போய் பேர்ஸிடம் 27–31 என்று தோற்றது அப்படித்தான்.

ஆகஸ்ட் பயிற்சி ஆட்டங்களின் முடிவு எந்தக் கணக்கிலும் சேராது. அவற்றில் பார்க்க வேண்டியது 53 பேர் பட்டியலின் கடைசி இடங்களுக்கு யார் முட்டிமோதுகிறார்கள் என்பதை மட்டுமே.