தடுப்பூசிப் பதிவேட்டைப் படிப்பது எப்படி?

பல வருஷம் தடுப்பூசிப் பதிவேடு எழுதியவள் நான். "நம்ம பகுதியில 95 சதவீதம் பிள்ளைகளுக்கு ஊசி போட்டாச்சு" என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால், என் கை தானாகப் பதிவேட்டைப் புரட்டும். புதிதாக இந்த வேலைக்கு வந்தவர்கள் அந்த எண்ணைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன்.

முதலில் வகுக்கும் எண். ஊசி போட்டிருக்க வேண்டிய குழந்தைகள் எத்தனை பேர்? அது பழைய கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது என்றால் கணக்கே கோணல்தான். எனக்கு ஒரு மாதம் 104 சதவீதம் வந்தது! புதிதாகக் குடிவந்த குழந்தைகளை யாரும் கணக்கில் ஏற்றவில்லை, அவ்வளவுதான். பிறப்புப் பதிவோடு ஒப்பிட்டு, வந்தவர்களைச் சேர்த்து, போனவர்களைக் கழித்துவிடுங்கள்.

அடுத்து, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி (டெட்டனஸ்) ஆகியவற்றைத் தடுக்கும் ஊசியின் முதல் தவணையையும் மூன்றாம் தவணையையும் ஒப்பிடுங்கள். முதலாவதுக்கு 100 பேர், மூன்றாவதுக்கு 85 பேர் என்றால், 15 பேர் பாதியில் நின்றிருக்கிறார்கள். இவர்கள் ஊசி வேண்டாம் என்றவர்கள் அல்ல, ஒருமுறையாவது வந்தவர்கள். காய்ச்சல் வந்ததும் பயந்திருப்பார்கள், அட்டை தொலைந்திருக்கும், அன்று வேலைக்கு விடுப்பு கிடைத்திருக்காது. வீடு தேடிப் போனால் பெரும்பாலும் வந்துவிடுவார்கள். திட்டாதீர்கள். தள்ளிப்போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட தவணையிலிருந்தே போடலாம் என்று சொல்லுங்கள். பாதிப் பேருக்கு அந்தப் பயம்தான். முதல் தவணைக்கே வராத வீடுகளில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டியிருக்கும்.

தட்டம்மைப் பக்கத்தை நான் எப்போதும் இரண்டு முறை பார்ப்பேன். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் நடுவே ஒருவருக்கு வந்தால் 12 முதல் 18 பேருக்கு ஒட்டும். அவர் அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். அதனால்தான் 95 சதவீதம் கேட்கிறோம், அதுவும் இரண்டு தவணை. ஒன்றோடு நிறுத்திய 100 பேரில் ஏறத்தாழ 93 பேருக்குத்தான் பாதுகாப்பு. இரண்டும் போட்டால் 97. ஊசி போடும் வயது வராத கைக்குழந்தைக்கும், புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கும் மற்றவர்கள் போட்டுக்கொண்டதுதான் வேலி. (ரண ஜன்னிக்கு இந்த வேலி உதவாது. அது மண்ணிலிருந்து காயம் வழியாக வருவது. அவரவர் ஊசிதான் அவரவருக்கு.)

கடைசியாக, மொத்த எண்ணைத் தெருவாரியாக, பள்ளிவாரியாகப் பிரியுங்கள். 1000 குழந்தைகளில் 50 பேர் விடுபட்டால் 95 சதவீதம், சரி. அந்த 50 பேரும் 200 பிள்ளைகள் படிக்கும் ஒரே பள்ளியில் இருந்தால்? அங்கே 75 சதவீதம்தான். தட்டம்மைக்கு அது திறந்த கதவு.

விடுபட்டவர்களின் பெயரைப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பிள்ளை வந்து போட்டுக்கொண்டதும் அழிக்க வேண்டுமே.