ஃப்ளூ பெருந்தொற்றுக்கு ஸ்கூல் ரெடி எண்டு நினைச்சு நாம விடுற பிழைகள்

பெருந்தொற்று எண்டு சொன்னாலே எங்கட ஆக்கள் நேரா கொரோனாவுக்குத்தான் போவாங்க. 2020 மார்ச்ல இலங்கையில ஸ்கூல் பூட்டினது, மறுகா கேட்டடியில பைப் போட்டது, நெத்தியில மெஷினக் காட்டி சூடு பாத்தது, அதுதான் எல்லார்ர மனசுலயும் இரிக்கு. ஆனா ஃப்ளூ அதவிட வேகமா ஓடுற சாமான். கிருமி உள்ள போய் ஒண்டுல இருந்து நாலு நாளைக்குள்ள காய்ச்சல் வந்துரும், காய்ச்சல் வாறதுக்கு ஒரு நாள் முந்தியே அந்தப் புள்ள பக்கத்து புள்ளைக்குக் குடுக்கத் தொடங்கிரும், சின்னப் புள்ளைகள் பெரிய ஆக்கள விடக் கூட நாளைக்குக் கிருமிய வெளிய விடுவாங்க. 2009 ஜூன் 11ல உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று எண்டு அறிவிச்ச எச்1என்1, நாம பன்றிக் காய்ச்சல் எண்டு சொன்னதுதான், அதுல கூடுதலாத் தொத்தினது புள்ளைகளுக்கும் இளந்தாரிகளுக்கும். புது ஃப்ளூ வந்தா தடுப்பூசி செஞ்சு முடிக்கவே மாசக்கணக்காகும். அந்த முதல் மாசங்கள ஒரு ஸ்கூல் எப்பிடிச் சமாளிக்கும் எண்டுறதுதான் கேள்வி.

என்னக் கேட்டா, பெரிய பிழை வரவுப் பரிசுதான். நூறு வீதம் வரவு எண்டு மேடையில கூப்பிட்டு பரிசு குடுக்கிறம், வராத புள்ளைக்கு ஏசுறம், தவணைப் பரீட்சைக்கு வராட்டி மார்க்ஸ் இல்ல எண்டுறம், மறுகா ஏன் காய்ச்சலோட புள்ளைய அனுப்புறீங்க எண்டு தாய்மார்ர கேக்குறம். அந்தத் தாய் விடிய ஒரு பனடோல் குடுத்து அனுப்புவா, எட்டு மணிக்கு கேட்டடியில மெஷினக் காட்டினா சூடு இராது, பதினொரு மணிக்குப் புள்ள மேசையில தலையப் போட்டுக் கிடக்கும். அதுக்குள்ள ஒரே வாங்குல இருந்த நாலு பேருக்கு குடுத்து முடிஞ்சிரும். பனடோல் போடாம 24 மணித்தியாலம் காய்ச்சல் இல்லாம இருந்தாத்தான் ஸ்கூலுக்கு அனுப்பலாம், இந்த ஒரு விதிய எல்லா வீட்டுக்கும் தெரியப்படுத்தணும். அதோட, சுகமில்லாம நிண்ட நாளுக்கு வரவு வெட்டமாட்டம், பரீட்சைய மறுகா வைப்பம் எண்டு அதிபர் வாயால சொல்லவும் வேணும். ரெண்டாவதச் சொல்லாம முதலாவத மட்டும் சொல்லி வேலையில்ல.

அதுலயும் இன்னொண்டு இரிக்கு. எங்கட மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துல தாய் சவூதி, குவைத், கட்டார் எண்டு போயிருப்பா, புள்ளைகளப் பாக்குறது அம்மம்மா, இல்லாட்டி உம்மம்மா. மத்த வீடுகள்ல தாய் தகப்பன் ரெண்டு பேருமே கூலிக்குப் போறவங்க. சுகமில்லாத புள்ளைய வீட்ட வைங்க எண்டு நோட்டீஸ் அடிக்கிறது லேசு, வீட்ட ஆரு பாக்குற? சீனி வருத்தம், நெஞ்சு வருத்தம் இரிக்கிற கிழவிதான் பாக்கணும். அவவுக்கு அந்தக் காய்ச்சல் தொத்தினா புள்ளைக்கு வந்ததவிட மோசமாப் போகலாம். அதனால எந்தெந்தப் புள்ளைகள்ற வீட்டுல பாக்குறது வயசான ஆக்கள் எண்டு வகுப்பு டீச்சர் இப்பவே ஒரு கொப்பியில எழுதி வைக்கிறது நல்லம். வருசத் தொடக்கத்துல பெற்றோர் கூட்டம் வைக்கக்குள்ளயே கேட்டு முடிச்சிரலாம்.

கை கழுவுற விசயத்துக்கு வருவம். பைப் இரிக்கு, தண்ணி இல்ல. தண்ணி இரிந்தா சவுக்காரம் இல்ல. சவுக்காரம் இரிந்தா அது அதிபர்ர அலுமாரியில பூட்டி இரிக்கு, ஏனெண்டா வெளிய வெச்சா காணாமப் போகுமாம். போகட்டுமே, ஒரு வலைப்பையில போட்டு பைப்போட கட்டித் தொங்க விட்டா முடிஞ்சுது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இரிக்கிற படுவான்கரைப் பக்கம் கோடையில கிணறு வத்துற இடங்கள் இரிக்கு, அங்க பவுசர் தண்ணிய நம்பி இரிக்கிற ஸ்கூலுகள் டேங்கையும் வாளியையும் முதலே பாக்கணும். சனிடைசர் வாங்குறதெண்டா அல்ககோல் 60 வீதத்துக்குக் குறையாம இரிக்கணும், வாசத்தைப் பாத்து வாங்கக்கூடாது. மருந்தடிக்கிற கூத்து ஒண்டு நடந்துது தெரியும்தானே, ஆக்கள் மேல குளோரின் அடிச்சு உள்ள விட்டது, அது கிருமியத் தடுக்காது, கண்ணையும் நெஞ்சையும்தான் கெடுக்கும். மேசை, கதவுக் கைபிடி, பைப் திருகி, இதுகளத் துடைச்சாக் காணும்.

காத்து நம்மகிட்ட சும்மா கிடக்கு. அரைச்சுவர் வெச்ச பழைய வகுப்பறைகள் இதுக்கு அருமை. கம்பியூட்டர் லேப்பையும் ஏசி போட்ட கூட்ட மண்டபத்தையும்தான் கவனிக்கணும்.

மறுகா, காய்ச்சல் வந்த புள்ளைய எங்க வைக்கிற? அனேகமா ஆபிஸ் வாசல்ல ஒரு கதிரை, அந்தப் பக்கத்தால எல்லாரும் போய் வருவாங்க. கதவு யன்னல் திறந்த ஒரு சின்ன இடம், மரத்துக்குக் கீழ ஒரு வாங்கு எண்டாலும் பரவால்ல, ஒரு மாஸ்க், பாத்துக்க ஒரு ஆள், இவ்வளவுதான். வீட்டுக்குக் கோல் எடுத்தா நம்பர் வேலை செய்யாது, ஏனெண்டா அது முதலாம் ஆண்டுல சேக்கக்குள்ள குடுத்த நம்பர், இப்ப புள்ள ஏழாம் ஆண்டு. வாட்ஸ்அப் குரூப் இரிக்குதானே எண்டுவாங்க, அந்த ஃபோனக் கொண்டு வாப்பா கடலுக்குப் போயிருப்பார். பக்கத்து வீட்டு நம்பர் ஒண்டும் வேணும்.

பனடோல் எண்டதும் ஞாபகம் வருது, ஸ்கூல்ல இரிக்கிற முதலுதவிப் பெட்டியில அஸ்பிரின் இரிந்தா எடுத்து எறிங்க. ஃப்ளூ இரிக்கிற புள்ளைக்கு அஸ்பிரின் குடுத்தா ஈரலையும் மூளையையும் தாக்குற பாரதூரமான நோய் வரலாம், டெங்கு எண்டா ரத்தம் கசியும். மாரியில மட்டக்களப்பு அம்பாறை ரெண்டுலயும் டெங்கும் ஃப்ளூவும் ஒண்டா ஓடுற காலம், பாத்து இது அது எண்டு டீச்சராலயும் சொல்ல ஏலாது, ஃபார்மசிக்காரராலயும் சொல்ல ஏலாது. அன்டிபயோடிக் வாங்கிக் குடுக்கிறதும் வேலையில்லாத வேலை, அது வைரசுக்குக் கேக்காது. மூச்சு வாங்குது, உதடு நீலிக்குது, தண்ணி குடிக்குதில்ல, சோந்து மயங்குது, குறைஞ்ச காய்ச்சல் கிறுகி வருது எண்டா வீட்டாக்கள் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டு இரிக்காம அம்புலன்ஸ் நம்பர் 1990க்கு அடிங்க.

இனி பூட்டுற கதை. பெருந்தொற்றுக்கு ஆயத்தம் எண்டா ஸ்கூலப் பூட்டுறது எண்டுதான் கன பேருக்கு விளக்கம். 2009 தொடக்கத்துல அமெரிக்காவுல ஒரு புள்ளைக்கு வந்தாலே ரெண்டு கிழமை வரைக்கும் பூட்டுங்க எண்டு சொன்னாங்க, கொஞ்ச நாள்லயே அத மாத்தி, சுகமில்லாத புள்ளைய வீட்ட வைங்க, ஸ்கூலத் திறந்து வைங்க எண்டாங்க, ஏனெண்டா நோய் நினைச்ச அளவுக்குக் கடுமையா இல்ல எண்டு தெரிஞ்சிது. கடுமையான ஃப்ளூ வந்தா பூட்டத்தான் வேணும், அதுவும் பாதிப் பேருக்கு வந்த பிறகில்ல, தொடக்கத்துலயே. ஆனா அந்த முடிவு சுகாதார வைத்திய அதிகாரியும் வலயக் கல்வி அலுவலகமும் சேந்து எடுக்கிறது, அவங்களுக்கு முடிவெடுக்கத் தகவல் வேணும். தகவல் எங்க இரிக்கு? வரவு இடாப்புல. ஒரு வகுப்புல வழமையா மூண்டு பேர் வராம நிப்பாங்க, இண்டைக்கு பத்துப் பேர் எண்டா அண்டைக்கே பிஎச்ஐக்கு, அதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, சொல்லணும். மாசக் கடைசியில கூட்டிக் கழிச்சு அனுப்பி ஒண்டும் ஆகாது. ஸ்கூல் பூட்டி டியூசன் நடந்தா அதுவும் வீண், ஒரு கொட்டில்ல நாலு ஸ்கூல் புள்ளைகள் ஒண்டா நெருங்கி இருப்பாங்க, அது ஸ்கூல விட மோசம். டியூசன் சேர்மாரையும் குர்ஆன் மதரசா, அறநெறி நடத்துற ஆக்களையும் முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்க. வேன்காரரையும்.

டீச்சர்மார ஆரும் கணக்கெடுக்கிறதில்ல. மண்டூர்ப் பக்கம் படிப்பிக்கிறவங்கள்ல குருமண்வெளியில இருந்து பாதையில, அதான் வாவியக் கடக்கிற மிதவையில, ஏறிப் போறவங்க இரிக்காங்க, அஞ்சாறு டீச்சர் இரிக்கிற சின்ன ஸ்கூல்ல மூண்டு பேர் விழுந்தா பூட்டச் சொல்லி ஆரும் சொல்லாமலே பூட்டுப்படும். ஆர்ர பாடத்த ஆரு எடுக்கிற, கிட்ட இரிக்கிற ஆர்கிட்ட திறப்பு இரிக்கணும், இத இப்பவே பேசுங்க. வயித்துல புள்ளையோட இரிக்கிற டீச்சர காய்ச்சல் புள்ளைகளப் பாக்க விடாதீங்க, ஃப்ளூ அவங்களுக்குக் கடுமையாத் தாக்கும்.

கடைசியா, மத்த ஊர் வழிகாட்டியள்ல பெருசா இல்லாத ஒண்டு. எங்கட நாட்டுல ஃப்ளூ கூடுறது வருசத்துல ரெண்டு தரம், ஏப்ரல்ல இருந்து ஜூன் போல ஒண்டு, நவம்பர்ல இருந்து ஜனவரி போல மத்தது. அந்த ரெண்டாவது எங்களுக்கு வெள்ள காலம். 2011 ஜனவரி வெள்ளத்த மறந்திருக்க மாட்டீங்க, சனம் போய்க் கிடந்தது ஸ்கூல்லதான். ஃப்ளூ ஓடுற நேரம் ஒரு மண்டபத்துல பாய்க்குப் பாய் முட்டி நூறு குடும்பம் படுத்தா என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவையில்ல. இருமல் காய்ச்சல் இரிக்கிற குடும்பத்துக்கு எந்த வகுப்பறை, அவங்களுக்கு எந்தக் கக்கூசு, சமைக்கிற இடத்துக்கு ஆரு போகக்கூடாது, இத கிராம சேவகரோடயும் பிஎச்ஐயோடயும் இருந்து செப்டம்பருக்குள்ள எழுதி, ஒரு கொப்பிய அதிபர்கிட்டயும் ஒரு கொப்பிய காவலாளிகிட்டயும் குடுங்க, ஏனெண்டா இரவு ரெண்டு மணிக்கு தண்ணி ஏறினா கேட்டத் திறக்கிறது அவர்தான்.