சட்ட நிறுவனத்தில் பயிற்சி கேட்கும்போது

திருச்சி, தஞ்சாவூரில் சட்டம் படிக்கும் தம்பி, தங்கைகளே, சென்னையின் பெரிய வணிகச் சட்ட நிறுவனங்களுக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதும்போது ‘கடின உழைப்பாளி’ என்று போடாதீர்கள். எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். கும்பகோணத்து வக்கீல் ஆபீஸில் ரைஸ் மில் காசோலை வழக்கு ஏதாவது பார்த்தீர்களா? அதை எழுதுங்கள். வங்கியிலிருந்து காசோலை திரும்பியது தெரிந்து 30 நாளுக்குள் காசோலை கொடுத்தவருக்கு நோட்டீஸ், அது கிடைத்தபின் அவர் பணம் கட்ட 15 நாள் என்று தேதிகளை நீங்களே கணக்குப் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்தக் கவனத்தைத்தான் அவர்கள் தேடுவார்கள் என்பது என் எண்ணம். கட்சிக்காரர் பெயர் மட்டும் வேண்டாம்.

அப்புறம், பார் கவுன்சில் விதிப்படி 5 ஆண்டுப் படிப்புக்கு 20 வாரம், 3 ஆண்டுக்கு 12 வாரம் பயிற்சி வேண்டும்; தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது. அதனால் எந்த 4 வாரம் என்று தேதியோடு கேளுங்கள்.