வாண்டா என்று லேபிள் ஒட்டி வந்த ஆர்க்கிட்

லேபிளில் உள்ள பெயர் சரிதானா என்று தெரிய, பூக்கும்வரை காத்திருப்பதுதான் நல்லது, ஏனென்றால் வாண்டா, ஏரிடிஸ், ரிங்கோஸ்டைலிஸ் என்ற மூன்று ஆர்க்கிட் வகைகளிலுமே நீண்ட பட்டை இலைகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கும், தடித்த வேர்கள் காற்றில் தொங்கும், இலையை மட்டும் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது. என் செடி பூத்தபோது கொத்து நரிவால் மாதிரி நெருக்கமாகக் கீழே தொங்கியது, வெள்ளையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள். சரி, வாண்டா இல்லை. ஆனால் ஏரிடிஸும் இப்படித் தொங்கும், நிறமும் கிட்டத்தட்ட இதுதான். அதனால் ஒரு பூவைக் கிள்ளி லென்ஸ் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தேன். உதட்டுக்கு (ஆர்க்கிட் பூவில் மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருக்கும் ஒரு இதழ்) அடியிலிருக்கும் பைதான் முக்கியம்: ஏரிடிஸ் இனங்கள் பலவற்றில் அது முன்னோக்கி வளையும், இதிலோ பக்கங்கள் அமுங்கித் தட்டையாகப் பின்னோக்கி இருந்தது. ரிங்கோஸ்டைலிஸ் ரெட்யூசா! அப்புறம் பழைய லேபிளைக் கழற்றிவிட்டு, பெயரோடு பூத்த மாதத்தையும் பென்சிலால் எழுதி வைத்தேன், பென்சில் எழுத்து வெயிலில் வெளுக்காது.