விமான வயரிங்: வயர் கட்டைக் கட்டும்போது செய்யக்கூடாதவை

விமானத்தில் வயரிங் வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்று நினைத்து, வயர் கட்டை (பல வயர்கள் சேர்ந்த கற்றையை) சுற்றும் பிளாஸ்டிக் கேபிள் டையை, வயரின் மேலுறையான இன்சுலேஷன் நசுங்கும் வரை இழுத்துவிடுவார்கள். சாதாரண வயர் கொஞ்சம் தாங்கலாம். கூடவே போகும் கோஆக்ஸ் கேபிள் (ரேடியோ சிக்னல் போன்றவற்றைக் கொண்டுபோகும் கேபிள்) தாங்காது. உள்ளே நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் டைஎலக்ட்ரிக் என்ற மின்கடத்தா அடுக்கு அமுங்கினால் சிக்னல் கெடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

அடுத்தது டையின் வால், அதாவது இறுக்கிய பிறகு மிஞ்சும் நுனி. கையில் கிடைத்த கட்டரால் சாய்வாக நறுக்கினால், மிஞ்சும் முனை பிளேடு மாதிரி நிற்கும். பக்கத்து வயரை உரசும், பின்னால் அங்கே கையை நுழைக்கும் மெக்கானிக்கின் மணிக்கட்டையும் கிழிக்கும். முனை நீட்டாமல் சமமாக வெட்டும் ஃப்ளஷ் கட்டரால், டையின் தலையோடு ஒட்ட வெட்ட வேண்டும். அதிர்வு அதிகமுள்ள இடங்களிலும், டை அறுந்தால் வயர் கட்டு கன்ட்ரோல் கேபிள்மேல் (விமானத்தை இயக்கும் கம்பிவடத்தின்மேல்) சரியக்கூடிய இடங்களிலும் பிளாஸ்டிக் டையே வேண்டாம். லேசிங் கார்டு (வயர் கட்டும் கயிறு) கட்டுவதாக இருந்தால் முதலில் க்ளோவ் ஹிட்ச் என்ற முடிச்சு, அதன்மேல் ஸ்கொயர் நாட் என்ற முடிச்சு. அவசரத்தில் பலர் ஸ்கொயர் நாட்டின் இரண்டாவது சுற்றையும் முதல் சுற்றின் திசையிலேயே போட்டுவிடுவார்கள். அந்த முடிச்சு அதிர்வில் தானாக அவிழும்.

வயர் கட்டை விமான உடலோடு பிடித்துவைக்கும் கிளாம்பின் சைஸ் பெரிதானால் கட்டு வழுக்கும். சிறிதானால் ஏதாவது ஒரு வயர் கிளாம்பின் காதுகளுக்கிடையே (ஸ்க்ரூ போகும் இரு முனைகளுக்கிடையே) சிக்கும். ஸ்க்ரூவை முடுக்கும் முன் அந்த இடைவெளியை டார்ச் அடித்துப் பாருங்கள். மாட்டிய பிறகு நீளவாக்கில் லேசாக இழுத்தால் கட்டு நகரக்கூடாது.

தொய்வுக்கும் அளவு உண்டு. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி வழிகாட்டியின்படி, இரண்டு கிளாம்ப்களுக்கு நடுவே கையால் அழுத்தினால் கட்டு பொதுவாக அரை அங்குலத்துக்கு மேல் இறங்கக்கூடாது. அதற்காகத் தந்தி மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டினால் முனைகளில் பாரம் ஏறும். தகட்டுத் துளை வழியே போகும் கட்டு, ஓரத்திலிருந்து 3/8 அங்குலத்துக்குள் வந்தால் க்ரோமெட் (துளையின் ஓரத்தை மூடும் பாதுகாப்பு வளையம்) கட்டாயம். இன்சுலேஷன் கிழிந்தால் ஆர்க்கிங் (மின்பொறி பாய்வது) வரும், பக்கத்தில் எரியக்கூடிய பொருள் இருந்தால் தீயும் பிடிக்கும். 1998 செப்டம்பரில் 229 பேரைப் பலிகொண்ட ஸ்விஸ்ஏர் 111 விபத்தில், தீ பெரும்பாலும் வயர் ஆர்க்கிங்கில்தான் தொடங்கியிருக்கும் என்றது விசாரணை.

மன்னிக்கவே முடியாத தவறு, எரிபொருள் குழாயிலோ ஆக்ஸிஜன் குழாயிலோ வயரைக் கட்டுவது. கிளாம்ப் மாட்டப் பக்கத்தில் ஸ்ட்ரக்சர் (விமானச் சட்டகம்) இல்லை என்பதெல்லாம் சாக்கு. வயர் கட்டு குழாய்க்குச் சமமான உயரத்திலோ மேலேயோதான் போக வேண்டும். கிளாம்ப் வைக்கும்போது ஒன்றை யோசித்து வையுங்கள்: வயர் அந்த இடத்தில் அறுந்து தொங்கினாலும் அதன் முனை குழாயை எட்டக்கூடாது.